கப்பித்தான் வலது காலைத் தூக்கினான், மாமா

என் உயிருக்கு உயிரான சூசை மாமாவுக்கு,

மிகுந்த மகிழ்ச்சியோடு அறிவிக்கப்படுவது என்னவென்றால், கடந்த செவ்வாய்க்கிழமை காலைப் பூசை நேரத்தில், நமது பங்குக் கோயிலின் மேற்கு வாசலில், ஊர்க்கமிட்டித் தலைவர் புதிதாக வாங்கி மாலை போட்டு நிறுத்தியிருந்த பைக்கின் பின்சக்கரத்தின் மீது, உங்கள் நாய் கப்பித்தான் தன் வலது பின்னங்காலைத் தூக்கி, நிதானமாகவும் குறைவில்லாமலும் ஒன்றுக்கு இருந்தான். கயிற்றைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்ற நான் இதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். இதற்கு முழுக்காரணமாகிய மருத்துவ மேதையும் நான்தான். அறிவிப்பு முடிந்தது. எல்லாரும் உட்காரலாம்.

ஒரு நாய் ஒன்றுக்கு இருந்ததற்கு இத்தனை அலங்காரமா என்று நீங்கள் அங்கே கேட்பது எனக்குத் தெரிகிறது. கேளுங்கள். நீங்கள் போன பிறகு ஊரில் என்னை மறித்துக் கேள்வி கேட்க ஆள் குறைந்துவிட்டது. திட்ட ஆள் இருக்கிறது, அதற்குக் குறைவில்லை.

பங்குச் சாமி திருவிழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார். 'இளைஞரும் ஒழுக்கமும்' என்று தலைப்பும் கொடுத்தார். அந்தத் தலைப்புக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். வாசிக்கிற மற்றவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் வள்ளத்தை இப்போது அப்பா ஓட்டுகிறார். நீங்கள் ஓட்டினால் வள்ளம் பறக்கும், அப்பா ஓட்டினால் மீனே முந்திக்கொண்டு போகிறது. அம்மா உங்கள் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறாள். நீங்கள் உயிரோடு இருந்தபோது அண்ணன் அண்ணன் என்று உங்களைச் சண்டைக்கு இழுத்தவள், இப்போது படத்தோடு சண்டை போடுகிறாள். நீங்கள் பதில் சொல்லாததால் எல்லாச் சண்டையிலும் அவளே ஜெயிக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் என்னிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? மூக்கில் குழாய், கையில் ஊசி, சுற்றிலும் அழுகிற சொந்தம். நான் ஏதோ பெரிய வார்த்தை வரப்போகிறது என்று குனிந்தேன். "ஏலே டெனிசு, நாய்க்குச் சோறு வச்சியால?" என்றீர்கள். "வச்சாச்சு மாமா" என்றேன். வைக்கவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். அன்றிலிருந்து கப்பித்தான் என் பொறுப்பு. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

அவனுக்கு நீங்கள் இல்லை என்பது புரிந்ததா இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. வள்ளங்கள் கரை திரும்பும் நேரத்தில் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துகொள்வான். உங்கள் வள்ளம் வந்ததும் எழுந்து ஓடுவான். அப்பா இறங்குவார். ஏமாற்றத்தை மறைக்கத் தெரியாத முகம் அவனுக்கு. அப்பாவே ஒருநாள், "நான் எறங்குததுக்கு இவன்ட்ட மன்னிப்பு கேக்கணும் போலிருக்கே" என்றார்.

இப்படி ஒரு நாள் ஓடும்போதுதான் மீனுக்கு ஐஸ் கொண்டு வருகிற வண்டி பின்னால் வந்தது. டிரைவர் பார்க்கவில்லை. கப்பித்தானும் பார்க்கவில்லை, அவன் கண் வள்ளத்தில் இருந்தது. இடது பக்க இடுப்பு.

அந்த நாளைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மா அறுவை செய்தார். தொடை எலும்பின் மேல்முனை பந்து மாதிரி இருக்குமாம், அது இடுப்பில் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழலுமாம். கப்பித்தானுக்கு அந்தப் பந்து நொறுங்கிவிட்டது. அதை அப்படியே வெட்டி எடுத்துவிட்டார்.

"பந்து இல்லாம எப்படி டாக்டர் ஆடுவான்?" என்று கேட்டேன்.

"சுத்தியிருக்கிற சதையே மூட்டு மாதிரி பிடிச்சுக்கும் தம்பி. ஆனா தானா பிடிக்காது. அந்தக் காலைத் தரையில ஊன்றி ஊன்றி நடந்தாத்தான் பிடிக்கும். எட்டு வாரம் டைம். அதுக்குள்ள ஊன்றலைன்னா கால் சூம்பிப் போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் மூணு கால்தான்."

மூன்று காலோடு எத்தனையோ நாய்கள் ஓடுகின்றன, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இவன் உங்களோடு வள்ளத்தில் ஏறிப் பழகினவன், ஆடுகிற வள்ளத்தில் மூன்று கால் நிற்காது மாமா. கப்பித்தானிடம் இருந்து வள்ளத்தை எடுத்துவிட்டால் அவன் பெயரில் மட்டும்தான் கப்பலோட்டுகிற கப்பித்தான். டாக்டரம்மா பயிற்சிகளை அச்சடித்த ஒரு தாள் கொடுத்தார். எட்டாவது வாரம் புதன்கிழமை வந்து காட்டச் சொன்னார். தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். பரீட்சைத் தாளைக்கூட அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை. வைத்திருந்தால் மார்க் வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே அவனுக்கு 'முக்கால்' என்று பட்டப்பெயர் வைத்தேன். மூன்று காலில் நின்றால் முக்கால்தானே. அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்தினாள். துரத்தலில் எனக்கு நல்ல உடற்பயிற்சி. அவனுக்குத்தான் பயிற்சி நடக்கவில்லை.

தாளில் முதலில் இருந்தது வெந்நீர் ஒத்தடம். பிறகு அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலைப் பிடித்து சைக்கிள் மிதிப்பது போல் மடக்கி மடக்கி நீட்ட வேண்டும். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. இதை அவன் ராஜா மாதிரி அனுபவித்தான். கண்ணை மூடிக்கொண்டு குறட்டையே விட்டான். ஆனால் எழுந்ததும் அந்தக் காலை மேலே சுருட்டி வைத்துக்கொண்டு மூன்று காலில் தத்திப் போய்விடுவான். பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய பொருள், தரையில் வைத்தால் தேய்ந்துவிடும் என்று யாரோ சொன்ன மாதிரி.

அடுத்தது துணி கட்டி நடத்துவது. வயிற்றுக்கு அடியில் ஒரு துணியைக் கொடுத்து மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், பாதி பாரம் நம் கையில். எந்தத் துணியைக் கட்டினாலும் கடித்து உதறினான். கடைசியில் பெட்டியில் இருந்த உங்கள் நீலக்கட்டம் போட்ட சாரத்தை, அந்தப் பழைய லுங்கியை, எடுத்தேன். மோந்து பார்த்தான். கட்டவிட்டான். அதைக் கட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் தெருவில் இறங்கியபோது ஊர் கூடிவிட்டது. சாரம் கட்டிய நாயை யார்தான் பார்த்திருக்கிறார்கள்?

மெதுவாக நடத்த வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. வேகமாகப் போனால் நாய் தத்திக்கொண்டே ஓடிவிடும். மெதுவாகப் போனால்தான் நாலாவது காலை வேறு வழியில்லாமல் கீழே வைக்கும். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? எங்கள் வீட்டிலிருந்து முக்குக் கடை வரை கால் மணி நேரம். நான் பிறந்ததிலிருந்து அந்தத் தூரத்தை ஓடித்தான் கடந்திருக்கிறேன், பெரும்பாலும் பின்னால் யாராவது துரத்திக்கொண்டு வருவார்கள்.

"என்னல, மாப்பிள்ள அழைப்பா?" என்று கேட்டாள் ரோசம்மாக்கா. கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்பாளே, அவளேதான். "மேளம் எங்கல?"

"மேளம் பின்னால வருதுக்கா, வாயத் தொறந்துட்டு" என்றேன். புரிய அவளுக்கு ஒரு நிமிடம் ஆனது. அதற்குள் மெதுவாகத்தான் என்றாலும் நாங்கள் திருப்பம் தாண்டிவிட்டோம்.

மூன்றாவது வாரம் தையல் பிரித்தார்கள். இனிமேல் தண்ணீரில் நடத்தலாம் என்றார் டாக்டரம்மா. நெஞ்சு மட்டம் தண்ணீர், அலை இல்லாமல், தரை சமமாக. தண்ணீர் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், கால் வலிக்காமல் ஊன்றும். கடலில் அலை புரட்டிவிடும். ஆற்று முகத்தில் சேறு, வைத்த காலை எடுக்க முடியாது. அலையும் இல்லாமல் சேறும் இல்லாமல் சமமான தரையோடு தண்ணீர் எங்கே இருக்கும்? என் மூளை வேலை செய்தது மாமா. எங்கள் வீட்டில் யாருக்கும் வராத யோசனை எனக்கு வந்தது. உப்பளம்.

ஆறுமுகநேரியில் அப்பாவின் கூட்டாளி ஒரு அண்ணாச்சி உப்பளம் வைத்திருக்கிறாரே, அவரிடம் அப்பாவே பேசினார். இதில் அப்பாவும் கூட்டுக் களவாணி என்பதைப் பதிவு செய்கிறேன். மீன் லோடு ஆட்டோவில் நாயை ஏற்றிக்கொண்டு போனோம். அலை இல்லை. சேறு இல்லை. கண்ணாடி மாதிரி தண்ணீர். உப்பு விளைகிற பாத்திக்கு முந்தின பாத்தி, நல்ல ஆழம். கப்பித்தானைத் தூக்கி உள்ளே இறக்கினேன்.

இறங்கவில்லை.

மிதந்தான் மாமா. உப்பு இறுகின தண்ணீர் அவனை மேலே தள்ளிவிட்டது. எண்ணெய்ச் சட்டியில் போட்ட வடை மாதிரி மேலே வந்து நின்றான். நாலு காலும் தரையில் படாமல் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு காலை ஊன்ற வைக்கப் போன இடத்தில், நன்றாக இருந்த மூன்று காலையும் ஊன்றவிடாமல் செய்த பெருமை எனக்கே. அவன் என்னைப் பார்த்த பார்வையில், நீங்கள் மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்ற கேள்வி இருந்தது. நடந்திருக்கும். நீங்கள்தான் முதலில் ஆட்டோவைக் கூப்பிட்டிருப்பீர்கள்.

அண்ணாச்சி வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். "ஏ தம்பி, நாய வைத்தியம் பாக்க வந்தியளா, ஊறுகா போட வந்தியளா?"

தூக்கி வெளியே விட்டோம். வெயிலில் காயக் காய உடம்பெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. போகும்போது செவலை நாய், வரும்போது வெள்ளை நாய். அம்மா வாசலிலேயே மறித்து, "இது யாரு நாயில?" என்றாள். ஏழு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். அவன் உடம்பை நக்கி நக்கி, அன்று முழுவதும் தண்ணீர் குடித்து, மறுநாள் வயிற்றாலே போனான். நான் பயந்துபோய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

எந்தத் தண்ணீர் என்று கேட்டார். சொன்னேன்.

"தம்பி, நான் நாயை நடக்க வைக்கச் சொன்னேன். பதப்படுத்தச் சொல்லல."

தண்ணீரை விட்டுவிடச் சொன்னார். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பயிற்சி, அதுதான் முக்கியம் என்றார். உட்கார்ந்து எழும்புவது. நாய் உட்கார வேண்டும், பிறகு எழும்ப வேண்டும். எழும்பும்போது பின்னங்கால் இரண்டும் தரையை உதைத்தாக வேண்டும், அப்போதுதான் தொடைச்சதை ஏறும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது.

நான் பிஸ்கட் பாக்கெட்டோடு இறங்கினேன். இதற்குப் பிசியோதெரபி என்று பெயராம். கப்பித்தானைப் பொறுத்தவரை இது பசியோதெரபி. உட்கார் என்றால் உட்கார்ந்தான், பிஸ்கட் வாங்கினான். எழும்பு என்றால் கழுத்தை மட்டும் நீட்டினான். பிஸ்கட்டைத் தூரத்தில் வைத்தால் எனக்கு அக்கறையில்லை என்று படுத்துக்கொண்டான். நாலு நாளில் அவன் ஒரு தடவைகூட ஒழுங்காக எழும்பவில்லை. குனிந்து குனிந்து நிமிர்ந்ததில் என் தொடைதான் ஏறியது.

ஐந்தாவது வாரம் உங்கள் வருச நினைவுப் பூசை வந்தது. தனியே விட்டால் காயத்தை நக்குவான் என்று அவனையும் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனோம். "கோயிலுக்குள்ள கொண்டாராத, அங்கனயே வெளிய நில்லு" என்றாள் அம்மா. எனக்கு அதைச் சொல்லவே வேண்டாம். மேற்கு வாசலில், பூவரசு நிழலில், நீங்கள் காலமெல்லாம் பூசை கண்ட அதே இடத்தில் நின்றேன். அங்கே நிற்கிற ஆட்கள் இன்னும் மாறவில்லை. பிரசங்க நேரத்துப் பேச்சும் மாறவில்லை, எந்த வலைக்கு என்ன மீன் என்பதுதான்.

பூசை தொடங்கியது. உள்ளே எல்லாரும் எழும்பினார்கள். நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாக எழும்பும்போது ஒரு சத்தம் வருமே, பெஞ்சு கிறீச்சிட்டு, துணி சரசரத்து, இருமல் இருமி. அந்தச் சத்தம் வந்ததும் கப்பித்தான் எழும்பி நின்றான்.

நான் தற்செயல் என்று நினைத்தேன். வாசகத்துக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தான். சுவிசேஷத்துக்கு எழும்பினார்கள். எழும்பினான், இடது கால் நுனி விரல் தரையைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. சாமி அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்துக்கு எல்லாரும் முழங்காலிட்டபோது முன்னங்காலை நீட்டித் தலையைக் கீழே வைத்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற ஆள் பேச்சை நிறுத்திவிட்டு, "ஏலே, நம்மளவிட இவன் ஒழுங்கா பூச பாக்கானே" என்றார்.

அவனை யார் பழக்கினார்கள் என்று நான் கேட்கவேண்டியதில்லை. இத்தனை வருடம் உங்கள் காலடியில் கிடந்து, உள்ளே சத்தம் கேட்டதும் நீங்கள் படியில் உட்கார்வதையும் எழும்புவதையும் பார்த்துத்தான் வந்திருக்கிறான். நீங்கள் வெளியே நின்று மீன் பேச்சு பேசுகிறீர்கள் என்று அம்மா உங்களைப் பற்றிப் புலம்பியதெல்லாம் அநியாயம் மாமா. பேச்சுக்கு நடுவிலும் எழும்பித்தான் இருக்கிறீர்கள்.

வீட்டிலேயே இதைச் செய்துவிடலாம் என்று போனில் ஒரு பூசையைப் பதிவு செய்து போட்டுப் பார்த்தேன். பாட்டுக்கு அசையவில்லை. பிரசங்கத்துக்குத் தூங்கினான், அதில் மட்டும் ஊரோடு ஒத்துப்போனான். எழும்புகிற சத்தத்தையும் போட்டேன். ஒரு காது திரும்பியது, அவ்வளவுதான். நிஜ ஆட்கள் நிஜமாக எழும்ப வேண்டும். வேறு வழியில்லை. மறுநாள் விடியற்காலைப் பூசைக்கு நான் நாயோடு கிளம்பினேன்.

இதன் பின்விளைவுகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையே பிரசங்கம் முடிகிற நேரம் பார்த்து வருகிற டெனிஸ், தினமும் முதல் மணிக்கே கோயில் வாசலில். நாயை ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா ஒருநாள் உங்கள் படத்திடம், "அண்ணே, இவன் சாமியாராப் போவானோன்னு பயமாருக்கு" என்றாள். அது பயமா பெருமையா, குரலில் தெரியவில்லை. பங்குச் சாமி என்னைக் கூப்பிட்டு, "குருமடத்துக்குப் போற எண்ணம் ஏதும் உண்டா?" என்று மெல்லக் கேட்டார்.

"சாமி, எனக்கு அழைத்தல் இல்ல. நாய்க்குத்தான் அழைத்தல்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். தாளையும் காட்டினேன். வாசித்தார். சிரிப்பை அடக்கினார். நான் விடவில்லை.

"நாள்ப் பூசையில அஞ்சு தடவதான் எழும்புதாங்க சாமி. டாக்டர் பத்து சொல்லிருக்காங்க. இன்னும் அஞ்சு தடவ எழும்ப வைக்க முடியுமா?"

"ஏலே, இது பூசையா, பி.டி. பீரியடா?" என்று துரத்திவிட்டார்.

மறுநாள் பூசை முடிவில் அறிவிப்பு வாசிக்க வந்த சாமி, "எல்லாரும் எழும்புங்க" என்றார். மறைக்கல்வி வகுப்பு பற்றி ஒரு வரி. "உட்காருங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழும்புங்க." கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்வது பற்றி ஒரு வரி. "உட்காருங்க." இப்படி ஐந்து அறிவிப்பு, ஐந்து எழும்பல். ஐந்தாவதாகச் சொல்ல ஒன்றுமில்லாமல் இன்று நல்ல வெயில் என்றார். வாசலில் நான் எண்ணிக்கொண்டே நின்றேன். சரியாகப் பத்து.

ஊருக்கு ஒரு வாரம் விஷயம் தெரியாது. சாமிக்கு ஏதோ மறதி வியாதி என்று பேசிக்கொண்டார்கள். மூட்டு வலிக்காரர்கள் முனகினார்கள். ரோசம்மாக்காதான் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். "அடப் பாவி, ஒரு நாய்க்காண்டி ஊரையே தோப்புக்கரணம் போட வச்சிட்டியே." அவள் வாயில் விழுந்தால் அது அச்சில் ஏறின மாதிரி. மறுநாள் அடி வாங்கத் தயாராகத்தான் போனேன். அடி விழவில்லை. ஆனால் அன்று எழும்பும்போது வழக்கத்தைவிடச் சத்தமாக எழும்பினார்கள், பெஞ்சைத் தள்ளி, காலைத் தட்டி. வெளியே வரும்போது ஒவ்வொருவராக, "சூச நாய் இன்னைக்கு எத்தனல?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூட்டு வலிக்காரர்களும் கேட்டார்கள்.

நுனி விரல் பட்டது. பிறகு பாதி பாதம் பட்டது. ஆனால் அவன் பாரத்தை அதன்மேல் வைக்கிறானா என்பதுதான் கேள்வி. அதைப் பார்க்க டாக்டரம்மா ஒரு குறிப்பு சொல்லியிருந்தார். ஒன்றுக்குப் போகும்போது பார் என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் எப்போதும் இடது காலைத்தான் தூக்கினான். தூக்கினான் என்றும் சொல்ல முடியாது, அது ஏற்கெனவே மேலேதான் இருந்தது. என்றைக்கு வலது காலைத் தூக்குகிறானோ, அன்றைக்கு முழுப் பாரத்தையும் வெட்டின இடுப்பு தாங்குகிறது என்று அர்த்தம். இப்போது புரிகிறதா, முதல் பத்தியில் நான் ஏன் அவ்வளவு கூவினேன் என்று?

புதன்கிழமை டாக்டரம்மா டேப் வைத்து இரண்டு தொடையையும் அளந்தார். நடக்கவிட்டுப் பார்த்தார். லேசான சாய்வு இருக்கும், மற்றபடி நாலு காலும் நாலு கால்தான், ஒரு மாதம் கழித்து வள்ளத்தில் ஏற்றலாம் என்றார். "யாருப்பா இவ்வளவு நல்லா எக்ஸர்சைஸ் கொடுத்தது?" என்று கேட்டார். "நான்தான் டாக்டர்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இங்கேயே கையெழுத்துப் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் மலர் அச்சானதும் ரோசம்மாக்கா வாசிப்பாள். அவளுக்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

மாமா, நான் அதைப் பார்க்கவில்லை. கயிறும் என் கையில் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை வரை அவன் வலது காலைத் தூக்கியிருக்கவில்லை. மறுநாள் புதன், டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டிய நாள். முந்தின நாள் முழுக்க நான் யாரிடமும் வாய் கொடுக்கவில்லை, அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கோயில் வாசலில் கப்பித்தான் எழும்பி எழும்பி உட்கார்ந்துகொண்டிருந்தான். எனக்கு நிற்க முடியவில்லை. கயிற்றை ரோசம்மாக்காவிடம் கொடுத்தேன், ஒரு மெழுகுவர்த்தி வாங்கினேன். மெழுகு கொளுத்துகிறவர்களை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், பாதிக் கேலிக்கு நீங்களே உடந்தை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். செவ்வாய் அந்தோணியார் நாள், அவர் சுரூபத்தைச் சுற்றிக் கூட்டம். ஒரு தூணுக்குப் பின்னால் முழங்காலிட்டுக் கண்ணை மூடினேன்.

செபம் ஒன்றும் வரவில்லை. உங்களைத்தான் திட்டினேன். போகிறவர் நாயை என் தலையில் கட்டிவிட்டுப் போகலாமா, நான் சோறு வைக்கிறேன் என்றுதானே சொன்னேன், கால் வைக்கிறேன் என்றா சொன்னேன், இவன் ஊன்றாவிட்டால் உங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று. எவ்வளவு நேரம் திட்டினேன் என்று தெரியாது. தோளில் ஒரு கை விழுந்தது. ஊர்க்கமிட்டித் தலைவர். பூசை நடக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"ஏலே, வெளிய வந்து பாருல. ஒன் நாயி என் புது வண்டில மோண்டுட்டான்."

"எந்தக் கால?" என்றேன்.

"என்னது?"

"எந்தக் காலத் தூக்குனான்?"

"இது ஒரு கேள்வியால? இந்தா, இந்தப் பக்கத்துக் கால" என்று தன் வலது தொடையைத் தட்டிக் காட்டினார்.

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பலமாகவே பிடித்திருப்பேன் போலிருக்கிறது, விடு விடு என்றார். என் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கி, "சரி, கழுவிவிட்டாப் போச்சு. இதுக்கு ஏம்ல அழுத?" என்றார். மெழுகுப் புகை என்று சொன்னேன். நான் வாங்கின மெழுகை இன்னும் கொளுத்தவே இல்லை, கையிலேயே இருந்தது. அதை அவரும் பார்த்தார்.

வெளியே ஓடி வந்தபோது எல்லாம் முடிந்து, கப்பித்தான் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தான். எட்டு வாரம் காத்திருந்த காட்சியைப் பார்த்தது ரோசம்மாக்காவும், மீன் பேச்சு ஆட்கள் ஆறு பேரும், ஊர்க்கமிட்டித் தலைவரும், அவர் பைக்கும். மருத்துவ மேதை மட்டும் பார்க்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவனை எழுப்பி நிறுத்தியது ஊர், எழும்பப் பழக்கியது நீங்கள். என் சொந்தச் சாதனை என்று பார்த்தால் அந்த உப்பளம் ஒன்றுதான்.

அதனால் ஒரு சத்தியம் செய்கிறேன். டாக்டரம்மா சொன்ன ஒரு மாதம் முடிந்ததும் கப்பித்தானை வள்ளத்தில் ஏற்றி, அப்பாவோடு நானும் ஏறுவேன். அவன் நாலு காலில் நிற்கிறானா என்று கண்ணை மூடாமல் பார்த்து, அப்படியே உங்களுக்கு எழுதுவேன். அதுவரை பூசைக்கும் போவேன், நாய்க்காகத்தான். பெரும்பாலும் நாய்க்காகத்தான்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி பெற்ற தறுதலையும், பைக் கழுவிக்கொடுத்தவனும், கப்பித்தானுக்கு இப்போதைக்குத் தாய்மாமனுமாகிய
மருமகன் டெனிஸ்